நோயுற்றவர் எத்தனை பேர்?

மலாக்காவில் புக்கிட் பாருவில் இருக்கும் என் வீட்டுக்குப் போன மாதம் ஓர் ஆசிரியை வந்திருந்தார். நான் ஓய்வு பெற்றபோது என் ஆங்கில வகுப்புகளை ஏற்றுக்கொண்டவர். எல்லாப் பாடங்களும் மலாய் மொழிக்கு மாறிவிட்டதால் இப்போது ஆங்கிலத்துக்கு வாரத்தில் சில பாடவேளைகள்தான் என்று சொல்லிவிட்டு, புதிய பாடநூலை எடுத்துக் காட்டினார். பெயரடையைப் பெயராகப் பயன்படுத்தும் பகுதிக்கு அதில் இரண்டே வரி.

"நீங்க இதுக்கு ஒரு வாரம் எடுப்பீங்களாமே சார். பழைய ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் சொல்றாங்க. அப்படி என்னதான் இருக்கு இதுல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

வாயால் சொல்லி முடிகிற கதை அல்ல. எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

விதி சிறியதுதான். ஆங்கிலத்தில் 'புவர்' என்றால் ஏழ்மையான என்று பொருள். அது தனியாக நிற்காது. பின்னால் ஒரு மனிதனோ வீடோ நாடோ வேண்டும். ஆனால் முன்னால் 'தி' என்ற சொல்லை வைத்து 'தி புவர்' என்று சொன்னால் அது ஏழைகள் என்று ஆகிவிடும். அப்படியே 'தி ரிச்' பணக்காரர்கள், 'தி சிக்' நோயாளிகள், 'தி டெட்' இறந்தவர்கள். பன்மைக்குரிய 'எஸ்' ஒட்டாது, ஆனாலும் பன்மைதான். ஒரே ஒரு நோயாளியைச் சொல்ல வேண்டுமென்றால் 'தி சிக்' போதாது. 'மேன்' என்றோ 'வுமன்' என்றோ சேர்த்தாக வேண்டும்.

தமிழில் இந்தச் சௌகரியம் கிடையாது. 'நோயுற்ற' என்பதைப் பெயராக்க வேண்டுமானால் நோயுற்றவன், நோயுற்றவள், நோயுற்றவர், நோயுற்றவர்கள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, மரியாதை உண்டா இல்லையா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்க முடியாது. ஜப்பான்காரர் காலத்தில் அந்த முடிவை எடுப்பது என் உத்தியோகமாக இருந்தது.

என் அப்பா ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். தோட்டத்துக் கணக்கை ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த ஒரே தமிழர் என்பதால், நானும் ஆங்கிலம் படித்தே தீர வேண்டும் என்று டவுனில் கொண்டுவந்து விட்டார். படித்தேன், தேறினேன், படித்த பள்ளியிலேயே ஆசிரியரானேன். வாக்கியத்தைப் பிரித்து எது எழுவாய், எது பயனிலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது யுத்தம் வந்தது. பள்ளியை மூடினார்கள். மறுபடி திறந்தபோது உள்ளே நிப்போங்கோ என்ற ஜப்பானிய மொழிப் பாடமும் ஜப்பானியப் பாட்டும்தான் இருந்தன. ஆங்கில ஆசிரியனுக்கு அங்கே வேலை இல்லை.

ஆனால் அலுவலகங்களில் கதை வேறு. வந்த அதிகாரிகளுக்குத் தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. எங்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. எதிரியின் பாஷை என்று அவர்கள் சொன்ன அதே ஆங்கிலத்தில்தான் அரசாங்கம் நடந்தது. தொழிலாளர் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். என்னைத் தமிழுக்கும், டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளையான காதரை மலாய்க்கும் எடுத்துக்கொண்டார்கள். வேலை இல்லாத ஆம்பிளை என்று தெருவில் திரிந்தால் பிடித்துக்கொண்டு போகும் காலம். அதனால் கூப்பிட்டதும் இருவரும் போய்ச் சேர்ந்தோம்.

நான் அப்போது காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிறவர்கள். கோயிலில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மலாயில் சண்டை போட்டுக்கொள்வார்கள். வீட்டுக்காரப் பெண்மணி கணவனை இழந்தவர், நாற்பது வயது இருக்கும். பீபிக் காமாட்சி என்று எல்லாரும் கூப்பிடுவார்கள்; பீபிக் என்றால் அத்தை மாதிரி. அவருடைய தமிழ், சாமி பெயர்களோடும் சாப்பாட்டுப் பெயர்களோடும் முடிந்துவிடும்.

எங்கள் அதிகாரியின் பெயர் மொரிதா. ராணுவக்காரர் அல்ல, தன் நாட்டில் ஏதோ சிற்றூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவர். ஒல்லியான உடம்பு, கனத்த மூக்குக்கண்ணாடி. ஆங்கிலம் முழுவதையும் புத்தகத்திலிருந்து கற்றவர். வெள்ளைக்காரன் ஒருவனோடும் பேசியதில்லை என்று அவரே சொன்னார். அதனால் பேசும்போதும் வாசிப்பதுபோலவே இருக்கும். ஒவ்வொரு 'தி' வருமுன்பும் சிறிது நின்று, போடலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போவார். அவர்கள் மொழியில் அப்படி ஒரு சொல்லே கிடையாதாம்.

வேலை நடக்கும் முறை இதுதான். மேலிடத்திலிருந்து ஆணை ஜப்பானிய மொழியில் வரும். அவர் அதைப் பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதுவார். அழித்து எழுதுவார். பிறகு எங்கள் இருவரையும் முன்னால் நிறுத்திச் சத்தமாக வாசிப்பார். நான் தமிழில் எழுதி, அதை அவருக்குப் புரியாத மொழியிலேயே அவரிடம் படித்துக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். படித்து முடித்ததும் கேள்வி வரும்.

"இந்தச் சொல் நீளமாக இருக்கிறதே. இதில் என்னவெல்லாம் இருக்கிறது?"

நான் சொல்லைப் பிரித்துக் காட்டுவேன். இது வேர், இது காலம், இது ஆள், இது பன்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். காதர் மலாயில் படிப்பார். அது எப்போதும் குறைவான சொற்களில் முடிந்துவிடும். பிறகு மூன்றையும் தட்டச்சு செய்து பசாரிலும் தோட்டங்களிலும் ஒட்ட அனுப்புவோம்.

அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை. பக்கத்து அறைகளில் கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்கும்; எங்கள் அறையில் பென்சில் சத்தம்தான். இதை வைத்து அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பென்சில் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் தோட்டத்து லய வீடுகளில் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

முதலில் வந்த ஆணைகளில் ஒன்று 'தி அன்எம்ப்ளாய்ட்' என்று தொடங்கியது. வேலையில்லாதவர்கள் எல்லாரும் அலுவலகத்துக்கு வந்து பெயர் கொடுக்க வேண்டும். அப்படியே தமிழில் எழுதிவிட்டேன். குறிப்பிட்ட நாளில் நான் அலுவலகம் போனபோது வாசலில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் வேலை நின்றுபோன பெண்கள், புருஷனை ஏற்கெனவே கூட்டிக்கொண்டு போய்விட்ட பெண்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். 'வேலையில்லாதவர்கள்' என்பதில் தாங்களும் அடக்கம்தானே என்று நம்பி, வேலையும் அரிசியும் கிடைக்கும் என்று நடந்தே வந்திருந்தார்கள்.

மொரிதா சன்னல் வழியாகப் பார்த்தார். "ஏன் பெண்கள் வந்திருக்கிறார்கள்?"

"இந்தச் சொல் தமிழில் இருபாலுக்கும் பொதுவானது. ஆங்கிலத்திலும் அப்படித்தான் சார்."

"ஆம். ஆங்கிலத்திலும் அப்படித்தான்" என்றார். பிறகு என்னையே வெளியே அனுப்பி அவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண், "எழுதுனவங்க சரியா எழுதக் கூடாதாய்யா? புக்கிட் காதில்லேருந்து புள்ளைய தூக்கிக்கிட்டு வந்தேனே" என்றாள். எழுதியவன் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அடுத்த ஆணையில் 'ஆண்கள்' என்ற சொல் சேர்ந்தது. அதற்குப் பிறகு ஆண்கள் மட்டுமே வந்தார்கள், அவர்களும் விரும்பி வரவில்லை.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியும். நல்ல சம்பளம், கொஞ்ச மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆணையில் எழுதியிருந்தது. ஆனால் திரும்பி வந்தவர் ஒருவரையும் நாங்கள் பார்க்கவில்லை. காதர் ஒருநாள் தட்டச்சுப் பொறியின் மேல் குனிந்துகொண்டே, "போறவங்களுக்குத்தான் நோட்டீஸு போடுறோம் மாஸ்டர். வர்றவங்களுக்கு ஒண்ணும் காணோம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில்தான் மூன்று பேர் பீபிக் காமாட்சி வீட்டுக் கொல்லைப்புற விறகுக் கொட்டகையில் வந்து ஒண்டினார்கள். சயாமுக்குப் போகும் ரயில் தண்ணீர் பிடிக்க நின்ற இடத்தில் இறங்கி, ரப்பர் காட்டுக்குள்ளேயே நடந்து வந்தவர்கள். புக்கிட் காதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர்கள். மூத்தவர் காத்தான். அவருடைய தம்பி முனியாண்டி. மூன்றாவது ஆள் பெருமாள், அவர்கள் தங்கையின் புருஷன். பெருமாளுக்கு மலேரியாக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. அவரால் நடக்க முடியாததால்தான் வீட்டுக்கு இவ்வளவு கிட்டத்தில் வந்தும் நின்றுவிட்டார்கள்.

பீபிக் என்னைக் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். "கெசியான், மாஸ்டர்" என்றார். பாவம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். மரவள்ளிக்கிழங்கை மசித்துக் கஞ்சிபோலக் காய்ச்சி மூன்று கிண்ணங்களில் வைத்திருந்தார். ஓடிப்போனவர்களுக்கு இடம் கொடுத்தால் வீட்டோடு தூக்கிக்கொண்டு போவார்கள் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எனக்கும் தெரியும். அந்த வீட்டில் குடியிருப்பவன் நான், வேலை பார்ப்பது தொழிலாளர் அலுவலகத்தில்.

காத்தான் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "விடியறதுக்குள்ள போயிடுவோங்க. இந்தம்மாவுக்குத் தொந்தரவு வேணாம்" என்றார். எங்கே போவது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் நான் அலுவலகம் கிளம்பும் நேரத்தில் பீபிக் வாசலுக்கு ஓடி வந்தார். சடக்கில் வைத்து மூவரையும் போலீஸ் பிடித்துவிட்டதாம். பெருமாள் நடக்க முடியாமல் அந்தச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். மற்ற இருவரும் விட்டுவிட்டு ஓடவில்லை. "தோலோங், மாஸ்டர், தோலோங்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உதவி செய் என்று கேட்கிறார். கையை விடுவித்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூவரும் எங்கள் அறையில்தான் நின்றார்கள். ரயிலுக்குப் போகும் ஆட்கள் தொழிலாளர் அலுவலகத்துப் பொறுப்பு என்பதால் அங்கே கொண்டுவந்திருந்தார்கள். கூட ஒரு மலாய் ஹெட் கான்ஸ்டபிள். மொரிதா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காதர் தன் இடத்தில் நின்றார். நான் என் இடத்தில் போய் நின்றேன். காத்தான் என்னைப் பார்த்தார். முன்பின் பார்த்திராத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"ரயிலை விட்டு ஏன் இறங்கினார்கள்? கேளுங்கள்" என்றார் மொரிதா.

கேட்டேன்.

"மாப்ளைக்குக் காச்சல் கண்டிருச்சுங்க. அங்க கொண்டுபோனா செத்துருவாரு. தங்கச்சிக்கு நாங்கதானே பதில் சொல்லணும்" என்றார் காத்தான்.

ஆங்கிலத்தில் சொன்னேன். மொரிதா குறித்துக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டார்.

"நேற்று இரவு எங்கே தூங்கினார்கள்?"

அந்தக் கேள்வியையும் நானேதான் தமிழில் கேட்டேன்.

"மழைக்குக் கோயில் மதிலு ஓரமா ஒண்டியிருந்தோம். யாரும் எங்களைப் பாக்கல" என்றார் காத்தான், என் முகத்தைப் பார்க்காமலே. அதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

மொரிதா பெருமாளைப் பார்த்தார். பெருமாள் சுவரில் சாய்ந்திருந்தார். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. மேசைமேல் ஓர் ஆணை இருந்தது. நாங்களே மொழிபெயர்த்ததுதான். நோயாளிகளுக்கு ரயில் வேலையிலிருந்து விலக்கு உண்டு என்று அதில் இருந்தது. அதுவரை அந்த வரி யாருக்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

மொரிதா நிதானமாகச் சொன்னார்: "தி சிக் மே கோ ஹோம். தி ரெஸ்ட் மஸ்ட் கோ பேக்."

காதர் அதை மலாயில் சொல்லிவிட்டார். 'யாங் சாக்கிட்' வீட்டுக்குப் போகலாம், மற்றது திரும்பிப் போக வேண்டும். மலாயில் 'யாங் சாக்கிட்' என்றால் நோயுள்ளது, நோயுள்ளவர் எல்லாம் அதுதான். ஒருவரா பலரா என்று அந்தச் சொல் சொல்லாது. ஹெட் கான்ஸ்டபிளுக்குச் சந்தேகமே எழவில்லை. பெருமாளை ஒரு பக்கம் தள்ளி நிறுத்திவிட்டு அண்ணன் தம்பி இருவரின் தோளிலும் கை வைத்தார்.

அடுத்துத் தமிழில் சொல்ல வேண்டியது என் முறை. 'நோயுற்றவர்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் எல்லாரும் ஒருவரைத்தான் நினைத்திருப்பார்கள். நிறுத்திக்கொண்டேன்.

"சார், தமிழில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள், மிஸ்டர் தேவா." என் பெயர் தேவராஜ். அவர் வாயில் அது பாதியாகிவிடும்.

"தமிழில் ஒருவரா பலரா என்று சொல்லாமல் இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. 'தி சிக்' என்றீர்கள். 'தி சிக் மேன்' என்று சொல்லவில்லை."

ஹெட் கான்ஸ்டபிளுக்கு ஆங்கிலம் புரியாது. ஏன் தாமதம் என்பதுபோலக் காதரைப் பார்த்தார். மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை மறுபடி மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆனதுபோல எனக்கு இருந்தது. அவர் அந்த ஒரு பெருமாளைத்தான் மனதில் வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் கெட்டது. தமிழாள் ஒருவன் தன்னைத் திருத்துகிறான் என்று கோபப்பட்டாலும் முடிந்தது.

"'தி'யும் பெயரடையும் சேர்ந்தால் பன்மை" என்றார், பாடம் சொல்வதுபோல. "நான் பன்மையில்தான் சொன்னேன்."

"அப்படியானால் ஒருவர் அல்ல."

"ஒருவர் அல்ல."

எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "சார், அந்த அமைப்பு ஒரு வகுப்பு முழுவதையும் குறிக்கும். சிலரை மட்டும் குறிக்காது."

அவர் உடனே நிமிர்ந்து பார்த்தார். "நோயாளிகள் என்ற வகுப்பு முழுவதையும். இந்த மூவர் முழுவதையும் அல்ல. நான் 'தி ரெஸ்ட்' என்றும் சொல்லியிருக்கிறேன். அதில் யாராவது இருந்தாக வேண்டும். ஒருவர் இருந்தாலும் இலக்கணம் தடுக்காது. ஆனால் யாருமே இல்லை என்றால் என் இரண்டாவது வாக்கியத்துக்குப் பொருள் இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்களைக் கேளுங்கள்" என்றார்.

இரண்டு பேர் போகலாம், ஒருவர் போக முடியாது. அவர் அவ்வளவுதான் கொடுத்தார், அதற்கு மேல் கொடுக்கப்போவதில்லை என்று புரிந்தது. யாரை என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லக் கூடாது. அண்ணன் தம்பி பக்கம் திரும்பினேன்.

"நோயுற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்னு சொல்றாரு. ஒருத்தர் இல்ல, இன்னொருத்தரும் போகலாம். மிச்சம் இருக்கிற ஒருத்தர் ரயிலுக்குத் திரும்பணும். உங்கள்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

காத்தான் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "தம்பிக்குத்தாங்க" என்றார்.

"அண்ணே!" என்றார் முனியாண்டி. "எனக்கு ஒண்ணும் இல்ல. ஐயா, எனக்கு ஒண்ணுமே இல்ல. அவருக்குப் புள்ளைங்க இருக்கு. சின்னது இன்னும் நடக்கல. அவரை அனுப்புங்க."

"நீ சும்மா இரு."

"நான் ஒத்தை ஆளுண்ணே. நான் போறேன்."

காத்தான் தம்பியின் பக்கம் திரும்பினார். அதட்டவில்லை. தோட்டத்தில் காலையில் வேலைக்கு எழுப்பும்போது பேசுவதுபோல இருந்தது குரல். "நாலு நாளா மாப்ளையைத் தூக்கிச் சுமந்தது நீதான். உன் தோளு பாரு எப்படி இருக்குன்னு. அங்க போனா நீ தாங்க மாட்டே. நான் தாங்குவேன். இருமுடா."

முனியாண்டிக்குப் புரியவில்லை.

"இருமுடா. அவரு பாத்துக்கிட்டு இருக்காரு. இருமு."

முனியாண்டி இருமவில்லை. அவரால் முடியவில்லை. வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சு முட்ட அழுதார். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை அப்படி அழுததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அவருக்கு என்ன?" என்று கேட்டார் மொரிதா.

"உடம்பு சரியில்லை, சார்" என்றேன்.

மொரிதா அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து எழுதினார். பெருமாளும் முனியாண்டியும் வெளியே போகலாம் என்று காதரிடம் சொல்ல, காதர் மலாயில் சொன்னார். ஹெட் கான்ஸ்டபிள் தோளை உலுக்கிக்கொண்டு முனியாண்டியின் மேலிருந்து கையை எடுத்தார்.

காத்தானைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவர் என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். "வீட்ல சொல்லிவிடுங்க மாஸ்டர். எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. இல்லேன்னா லெட்சுமி பயந்துக்குவா" என்றார். முந்திய நாள் கொட்டகையில் பீபிக் என்னை மாஸ்டர் என்று கூப்பிட்டதை நினைவில் வைத்திருக்கிறார். அறைக்குள் அத்தனை பேச்சிலும் அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு காதர் நெடுநேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை. கடைசியில், "நான் பாட்டுக்கு 'யாங் சாக்கிட்'டுன்னு சொல்லிட்டேனே மாஸ்டர்" என்றார்.

"மலாய்ல அப்படித்தானே சொல்லணும்" என்றேன். அது உண்மைதான்.

மாலையில் பீபிக் காமாட்சி வாசலிலேயே காத்திருந்தார். விரலை நீட்டிக் காட்டினேன்: இரண்டு பேர் வீட்டுக்கு, ஒருவர் ரயிலுக்கு. யார் என்று கேட்டார். மூத்தவர் என்றதும் உள்ளே போய்ச் சாமி விளக்கை ஏற்றினார். அன்று வெள்ளிக்கிழமை அல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அந்தத் தோட்டத்துக்கு நடந்து போய்க் காத்தானின் மனைவி லெட்சுமியிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "நல்லா இருக்காருன்னா அவரை ஏன் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க?" என்றார். உடம்பு நன்றாக இருந்ததால்தான் என்பதை எந்த வாயால் சொல்வது? கொடுத்த வரக்காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜப்பான்காரர்கள் தோற்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அலுவலகத்தில் காகிதங்களை எரித்துக்கொண்டிருந்தார்கள். மொரிதா மேசையைத் துடைத்து, பென்சில்களை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் விடைபெறப் போனேன். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அன்றே கேட்டிருக்க முடியாத கேள்வி.

"சார், அந்த மூன்று பேர் வந்த அன்று நீங்கள் உண்மையில் ஒருவரைத்தானே நினைத்தீர்கள்?"

யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு நினைவிருந்தது.

"நான் ஜப்பானிய மொழியில் நினைத்தேன், மிஸ்டர் தேவா. ஜப்பானிய மொழியில் ஒருவரா பலரா என்று சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

எழுந்து நின்று, எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். நானும் தலை குனிந்தேன். அவரை மன்னித்தேனா என்று யாராவது கேட்டால், அது என் வேலை அல்ல என்றுதான் சொல்வேன். அதற்கு உரியவர்கள் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள்.

பெருமாள் அந்தக் காய்ச்சலிலிருந்து மீளவில்லை. வீட்டுக்கு வந்து, தன் பாயில், மனைவி பக்கத்தில் இருக்கத்தான் இறந்துபோனார். முனியாண்டி பிழைத்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் பிள்ளைகளையும் தங்கை பிள்ளைகளையும் மரம் வெட்டிப் படிக்கவைத்தார். சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்களில் ஒருவர் காத்தானை ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் அது வேறு ஆள் என்றார். அதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை.

நான் மறுபடி பள்ளிக்குப் போனேன். அந்தப் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் 'தி ரிச்', 'தி புவர்' என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலும் மலாயிலும் ஈடு சொல்லச் சொல்லிப் பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்துவேன். யாரைச் சொல்கிறாய், எத்தனை பேரைச் சொல்கிறாய், அதில் யார் விட்டுப்போனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒரு வாரம் எடுத்தது உண்மைதான்.

காத்தானின் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தபோது முனியாண்டியும் லெட்சுமியும் என்னைத் தேடி வந்தார்கள். நல்ல தமிழில் அழைப்பிதழ் எழுதித் தர வேண்டும் என்றார்கள். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பெண்ணின் பெற்றோர் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன். வழக்கமாக, இறந்துபோன தகப்பனாரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவார்கள்.

முனியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு, "தோட்டத்துல எல்லாரும் அப்படிப் போடத்தான் சொல்றாங்க மாஸ்டர்" என்றார்.

"யாரு பாத்தா?" என்றார் லெட்சுமி. குரல் உயரவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது.

"அப்ப 'திரு' மட்டும் போடட்டுமா?" என்று கேட்டேன். "உயிரோட இருக்கிறவங்களுக்குப் போடற மாதிரி?"

லெட்சுமி வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

"இருக்காருன்னும் எனக்குத் தெரியாதே மாஸ்டர். முன்னால ஒண்ணும் வேணாம். காத்தான்னு மட்டும் போடுங்க. அந்தப் பேரை யாரும் மாத்த முடியாதுல்ல."

அப்படியே எழுதி, நானே அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். அச்சுக் கோப்பவர் படித்துவிட்டு, பேனாவால் அந்த இடத்தைத் தொட்டு, இங்கே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறதே என்றார். இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.